நேட்டால் சென்ற பூட்டன், பூட்டி: 1915 என்ற மணநாள் சரியா?

வாசகர் கேள்வி, 14 ஜனவரி 2024

என் தாத்தாவின் பெற்றோர் வட ஆற்காட்டிலிருந்து நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். டர்பனில் வாழும் உறவினர் ஒருவர் அவர்களுடைய திருமணப் பதிவின் படியைத் தேடியெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் உள்ள ஆண்டு 1915. ஆனால் அவர்களுடைய மூத்த மகள் பிறந்தது 1901. அப்படியானால் பதினான்கு ஆண்டுகள் அவர்கள் மணமாகாமலே சேர்ந்து வாழ்ந்தார்களா? இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குடும்ப மரத்தில் அந்த ஆண்டை எழுதாமல் விட்டுவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில், 15 ஜனவரி 2024

எழுதாமல் விடாதீர்கள். அந்த ஆண்டு உங்கள் குடும்பத்துக்கு இழுக்கு அன்று. அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறித்தவ முறையில் நடந்து சட்டப்படி பதிவு பெற்ற திருமணங்களைத் தவிர மற்றவற்றைத் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் சட்டம் ஏற்காது என்று பொருள்படும் தீர்ப்பை வழங்கினார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண் நாட்டுக்குள் நுழைவதைப் பற்றியது என்றாலும், அதன் விளைவு இந்து, முஸ்லிம், பார்சி என்று எல்லாக் குடும்பங்கள் மீதும் விழுந்தது. ஒரே நாளில் மனைவியர் மனைவியர் அல்லாதவராகவும், பிள்ளைகள் வாரிசுகள் அல்லாதவராகவும் ஆகும் நிலை வந்தது. அந்த ஆண்டு கஸ்தூர்பா உட்படப் பெண்கள் சிறைக்குப் போனதற்கு இது ஒரு முதன்மையான காரணம். போராட்டத்தின் முடிவில் 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஏற்கெனவே தம் சமய முறைப்படி மணம் செய்துகொண்டு ஒருதார உறவில் வாழ்ந்தவர்கள், அதிகாரியின் முன் வந்து அதைப் பதிவு செய்துகொள்ள அச்சட்டம் வழிவகுத்தது. உங்கள் பூட்டனும் பூட்டியும் 1915இல் செய்தது அதுதான். ஊரில் தாலி கட்டிக்கொண்டு கப்பலேறியவர்கள், பிள்ளைகளின் உரிமைக்காகப் பிற்பாடு கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

17 ஜனவரி 2024

மேலே நான் எழுதியதில் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "ஊரில் தாலி கட்டிக்கொண்டு கப்பலேறியவர்கள்" என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. என் குடும்பத்திலேயே அதே தவற்றைப் பல ஆண்டுகள் செய்திருந்தும் மறுபடி செய்துவிட்டேன்.

என் பாட்டி நேட்டாலில் பிறந்தவர். முதல் உலகப் போர் முடிந்த பின், சிறுமியாக இருந்தபோது, பெற்றோருடன் சென்னைக்குத் திரும்பினார். அவருடைய அக்கா அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார். பாட்டியின் பெற்றோரைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்டதெல்லாம், "போளூர்ப் பக்கத்து ஊரில் கல்யாணம் செய்துகொண்டு நேட்டால் போனார்கள்" என்ற ஒரே வரிதான். பாட்டி மட்டும் வேறு விதமாகச் சொல்லுவார். "எங்கம்மாவுக்குக் கப்பல்லதான் தாலி ஏறிச்சு" என்பார். முதுமையில் கதையைக் குழப்புகிறார் என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்தான் மிகுதியாகப் பொருட்படுத்தாமல் இருந்தேன்.

பிறகு கப்பல் பட்டியல் கைக்குக் கிடைத்தது. அதில் குடும்பமாக ஏறியவர்கள் கணவன், மனைவி, குழந்தை என்று அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். என் பூட்டனின் எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததால், ஆவலோடு அவரையே பூட்டியாக எழுதிக்கொண்டேன். ஓராண்டு கழித்து அமைதியாகப் படித்தபோதுதான் அந்தப் பெண்ணின் கணவர் அதே வரிசையில் தனியாக இருப்பதைக் கண்டேன். என் பூட்டியின் பெயர் பல பக்கங்கள் தள்ளி, துணையின்றி வந்த பெண்களுக்கு நடுவே இருந்தது. அவருடைய தாலுக்கா போளூர் அன்று, ஆரணி. ஒரே கப்பல், ஆனால் அவர்கள் ஏறியபோது கணவன் மனைவி அல்லர்.

18 ஜனவரி 2024

உங்கள் படியில் இருவருடைய காலனி எண்களும் (ஒப்பந்தத்தில் சென்ற ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் தரப்பட்ட எண்) இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனில் வந்து நின்ற "ட்ரூரோ" முதல் 1911இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது வரை, நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் இப்படி எண் உண்டு. பெயரை எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் சிதைத்திருப்பார்; எண் சிதையாது. அந்த எண்ணை வைத்துப் பட்டியலில் தந்தை பெயர், வயது, மாவட்டம், தாணா (காவல் எல்லை), ஊர், உயரம், உடல் அடையாளம் ஆகியவற்றை எடுக்கலாம். டர்பனில் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் கிடைக்கும்.

24 ஜனவரி 2024

ஊர்ப் பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்தரின் ஆங்கில எழுத்தைக் கண்ணால் படித்துப் பயனில்லை, வாய்விட்டுப் படிக்க வேண்டும். "வாண்டிவாஷ்" என்றால் வந்தவாசி, "ஆர்னி" என்றால் ஆரணி என்பது எளிது. சிற்றூர்களில்தான் சிக்கல். பாக்கம், பாடி, பட்டு, தாங்கல் என்று முடியும் பெயர்களில் முற்பகுதி ஒன்றாகவே இருக்கும் ஊர்கள் ஒரே தாலுக்காவில் மூன்று நான்கு உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, ஆந்திரத்துச் சித்தூர் என்று பிரிந்து கிடப்பதால், இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் வழி தவறும். தாலுக்காவைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

நான் பூட்டியின் ஊர் என்று நினைத்த இடத்துக்கு இரண்டு முறை சென்றேன். முதல் முறை சென்றது தவறான ஊருக்கு. இரண்டாம் முறை சென்ற ஊரில், ஏரிக்கரை மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் நேட்டால் போனவர்களைப் பற்றிக் கேட்டேன். "கண்டிக்குப் போனவங்க உண்டு, பர்மாவுக்குப் போனவங்க உண்டு, நீ சொல்ற ஊரு தெரியாது" என்றார். ஒரு பெண் தனியாகக் கிளம்பிப் போன வீட்டில், அவளைப் பற்றிய பேச்சை அடுத்த தலைமுறைக்கு யாரும் எடுத்துச் சென்றிருக்க மாட்டார்கள் என்பது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஊரின் பழைய நிலப் பதிவுகளைப் புரட்டியபோது பூட்டியின் தந்தை பெயருடையவர் இருவரைக் கண்டேன். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அவர்களில் ஒருவரைப் பாட்டனாக்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பட்டியலின் சாதிப் பத்தியில் என்ன எழுதியிருந்தது என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். இருவருக்கும் வேறு வேறு பெயர்கள் எழுதியிருந்தன. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அந்த இரண்டு சொற்களைத் தாண்டித்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். அவற்றை மறுபடி இழுத்து வந்து அவர்கள் நடுவில் நிறுத்த நான் விரும்பவில்லை.

2 பிப்ரவரி 2024

திருமணத்தைத் தேடப் போய்க் குடும்ப வாழ்க்கையைத்தான் நான் அதிகம் கண்டுகொண்டேன். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. உணவுப்படியாக அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் எனக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அரிசிக்குப் பதில் மக்காச்சோளம் அளக்கப்பட்டது பரவலான வழக்கம். பாட்டி சென்னைக்கு வந்த பிறகும் உடைத்த மக்காச்சோளத்தை அரிசி போலவே வேகவைத்து மோர் விட்டுச் சாப்பிட ஆசைப்படுவார். அதை "மீலி ரைஸ்" என்பார். எங்களுக்கு அது ஏதோ விளையாட்டுச் சொல்லாகவே தெரிந்தது. ஏழைப் பண்டத்தின் மீது இவ்வளவு ஆசையா என்று அம்மா வியப்பார். அம்மாவின் கையிலிருந்து உண்ட முதல் சோறு அதுதான் என்பதைப் பாட்டி ஒருபோதும் விளக்கிச் சொன்னதில்லை.

என் பூட்டன் 1896க்குப் பின் சென்றவர். ஆகவே 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம் அவரைக் கட்டியது. ஐந்து ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும், இரண்டும் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். முதல் ஆண்டுக் கூலியில் சரியாக ஆறு மாதம். மனைவிக்கும் தனியாக 3 பவுன், வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 பவுன். "அப்பா ரெண்டாங் கைநாட்டு வெச்சாரு" என்று பாட்டி சொன்னதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் மறுபடி கரும்புத் தோட்டத்துக்கு எழுதிக்கொடுத்தது விருப்பத்தால் அன்று.

இதே பதிவுகளில் நான் மிகவும் மதிக்கும் ஒரு குறிப்பு உண்டு. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவரும் எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதும் பதிவாகும். கணவனையும் மனைவியையும் வேறு வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பக் கூடாது என்பது விதி. தனியாக வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தனித்தனி ஊர்களிலிருந்து தனித்தனியாக ஏறிய என் பூட்டனுக்கும் பூட்டிக்கும் எதிரே, பல பக்கங்கள் தள்ளி, ஒரே தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம்; அது பெரிய தோட்டம், அந்தக் கப்பலிலிருந்து பலரை எடுத்துக்கொண்டது. ஆயினும் டர்பன் துறையில் பெயர் கூப்பிட்டபோது இவர்கள் இருவரும் ஒன்றாக முன்னே வந்து நின்றிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

3 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பில் திருத்தம். "ஒவ்வொரு பிள்ளைக்கும்" என்று எழுதியது தவறு. ஆண் பிள்ளைக்கு 16 வயதும் பெண் பிள்ளைக்கு 13 வயதும் ஆனால்தான் வரி. 1903இல்தான் பிள்ளைகளுக்கு அது விரிக்கப்பட்டது. தகப்பன், தாய், வரிவயது வந்த ஒரு மகன், ஒரு மகள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன் என்ற கணக்கு சரி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 13 வயதில் ஒரு பெண் வரிசெலுத்துபவளாகிவிட்ட நாட்டில், மகள்களை விரைவாக மணம் முடித்துக் கொடுத்ததற்கு நம் ஊர் வழக்கம் மட்டுமே காரணமாக இருந்திருக்குமா என்ற எண்ணம் இந்தத் திருத்தத்தை எழுதும்போது எழுகிறது. பாட்டியின் அக்காவுக்கு மணமானபோது வயது 14.

11 பிப்ரவரி 2024

குடும்பக் கதையை எளிதில் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பாட்டி, தன் தாயும் தந்தையும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு "பெரிய வெள்ளிக்கிழமை" கூழ் ஊற்றுவார்கள் என்பார். பெரிய வெள்ளி கிறித்தவர்களுடைய நாள். நம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது ஆடியில். பாதிரியார் பள்ளியில் கேட்டதையும் வீட்டில் கண்டதையும் பாட்டி ஒன்றாகக் கலந்துவிட்டார் என்று என் தாய்மாமா தீர்மானமாகச் சொன்னார். நானும் அதையே என் குறிப்பேட்டில் எழுதினேன்.

உண்மையில் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் பெருந்திரள் கூடுவது இன்றும் ஈஸ்டர் நாள்களில்தான். கரும்புத் தோட்டங்களில் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது அப்போதுதான். ஆகவே அம்மனும் அந்த நாள்களுக்கு வந்துவிட்டாள். பாட்டி எதையும் குழப்பவில்லை. அந்தப் பக்கத்தை அடித்து, கீழே தேதியிட்டுத் திருத்தி எழுதினேன். அதன் பிறகுதான் "கப்பல்ல தாலி ஏறிச்சு" என்பதையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

22 பிப்ரவரி 2024

இன்று, அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மையின் பிறந்த நாளும் நினைவு நாளும். 1898 பிப்ரவரி 22 அன்று ஜொகானஸ்பர்க்கில் பிறந்தவர், சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து 1914இல் அதே நாளில் இறந்தார். வயது 16. தில்லையாடியில் பிறந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தில்லையாடி அவர் முன்னோரின் ஊர், அவர் பிறந்த ஊர் அன்று. முன்னோரைத் தேடுவோர் எல்லோரும் இந்தக் குழப்பத்தில் ஒருமுறையாவது விழுகிறோம். என் பாட்டியின் இறப்புச் சான்றில்கூடப் பிறந்த ஊர் என்ற இடத்தில் ஆரணி என்றுதான் இருக்கிறது. தன் தாய் விட்டுப் புறப்பட்ட ஊரைப் பாட்டி தன் ஊர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1915இல் உங்கள் பூட்டனும் பூட்டியும் பதிவு அதிகாரியின் முன் நின்றபோது, அந்த மேசை வரை அவர்களைக் கொண்டுவந்தவர்களில் இந்தப் பெண்ணும் ஒருவர். உங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

9 மார்ச் 2024

ஒரு கேள்வி என்னை விடவில்லை. 1914க்கு முன்பே நேட்டாலில் ஒப்பந்த இந்தியர்களின் திருமணங்களைப் பதிவு செய்ய வழி இருந்தது. 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டத்தின்படி குடியேறிகளின் காப்பாளர் (ஒப்பந்த இந்தியர்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அலுவலகம் அதைச் செய்தது. அப்படியிருக்க, 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்ட என் பூட்டனும் பூட்டியும் ஏன் முன்பே அங்கே போகவில்லை?

பட்டியலில் பூட்டியின் வயது 21 என்று இருக்கிறது. எழுத்தர் கண்ணால் மதித்து எழுதிய வயதுதான் என்றாலும், பிறந்த காலம் தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி வருகிறது. 1876 முதல் 1878 வரை வட ஆற்காட்டையும் சேலத்தையும் வெறுமையாக்கிய அந்தப் பஞ்சத்தில் பிறந்து பிழைத்த பெண் குழந்தை அவர். அக்கால வழக்கில், 21 வயது வரை ஒரு பெண் மணமாகாமல் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் கைம்பெண்ணாக இருந்திருக்கலாம், கைவிடப்பட்டவராக இருந்திருக்கலாம், தாமே விட்டு வந்தவராகவும் இருந்திருக்கலாம். ஊரில் ஒரு கணவர் உயிரோடு இருந்திருந்தால், காப்பாளரின் ஏட்டில் இன்னொரு மணத்தைப் பதியச் சொல்லி அவர் எப்படிப் போய் நிற்பார்?

இந்தக் குறிப்பை இரண்டு நாள் எழுதி வைத்திருந்து, வெளியிடலாமா என்று என் அக்காவிடம் கேட்டேன். அக்கா முதலில் வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "பஞ்சத்துல பொறந்து, ஒத்தையா கப்பலேறி, ஆறு புள்ளையப் பெத்து நாலைக் காப்பாத்தினவடா அவ. எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

16 மார்ச் 2024

உங்கள் படியை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் நான் முன்பு கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட உறவு, பதிவு செய்த நாளிலிருந்து அன்று, அது தொடங்கிய நாளிலிருந்தே செல்லுபடியாகும் திருமணம் என்கிறது அது. ஆகவே பதிவில் இரண்டு நாள்கள் இருக்க வேண்டும். ஒன்று அதிகாரி கையெழுத்திட்ட நாள். மற்றொன்று, எப்போது மணந்தீர்கள் என்று கேட்டபோது அவர்களே சொன்ன நாள். நீங்கள் பார்த்த 1915 முதலாவது நாளாக இருக்கலாம். இரண்டாவதைத் தேடுங்கள்.

என்னிடமிருந்த, என் பூட்டன் பூட்டியின் பதிவுப் படியில் அந்த இடத்தில் மையில் கறை இருந்ததால் இத்தனை ஆண்டும் அதை விட்டுவிட்டேன். இந்த வாரம் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதமும் ஆண்டும் தெரிகின்றன. அவர்கள் சென்ற கப்பல் கடலில் இருந்த மாதம் அது.

17 மார்ச் 2024

நேற்று இரவு மகிழ்ச்சியில் எழுதியதைக் காலையில் நிதானமாகப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத இருவரிடம் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய நாளைக் கேட்டால், அவர்கள் கையில் வைத்திருந்த காகிதத்தில் இருந்த ஒரே நாளை, கப்பல் நாளை, காட்டியிருக்கக் கூடும். அதிகாரியும் அதையே எழுதிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே கப்பலில் தாலி ஏறியது மெய்ப்பிக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மணந்தது எப்போது என்று கேட்டபோது, ஊரையும் சொல்லாமல் தோட்டத்தையும் சொல்லாமல், கப்பலை அவர்கள் சொன்னார்கள் என்பது மட்டும் உறுதி. மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் குடும்ப மரத்தில் இப்போது இரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன். மணம்: கப்பலில், அவர்கள் சொன்னபடி. பதிவு: நேட்டாலில், 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்.

20 மார்ச் 2024

உங்கள் படியின் பின்பக்கத்தை அனுப்பியதற்கு நன்றி. ஆம், நீங்கள் படித்தது சரிதான், அது 1899. மூத்த மகள் பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அம்மாவிடம் காட்டிவிட்டீர்களா?